பலாமரத்து ஆந்தைக்கு இருமல்

"வா" என்று என் வாயால் சொல்லவே மாட்டேன். மார்கழி முதல் தேதி காலையில் இப்படி ஒரு சபதம் போட்டேன். என் பெண்டாட்டி ராமாயி, பேரனைப் பார்த்துவிட்டுப் பதினைந்தே நாளில் வந்துவிடுவதாகச் சொல்லி, நாமக்கல்லில் இருக்கும் மகள் தேன்மொழி வீட்டுக்கு மலையிறங்கிப் போனவள். இரண்டு மாசம் ஆச்சு. அவளாக வரட்டும். இந்த அர்த்தனாரிக்கும் ரோசம் உண்டு.

ரோசம் இருந்தது. பேச்சுத்துணைதான் இல்லை. கொல்லிமலைக் குளிரில் பத்து மணி வரைக்கும் பனி விலகாது. பக்கத்து வீடு மிளகுத் தோட்டத்துக்கு அந்தாண்டை. வாசலுக்கு வந்த வாலாட்டிக் குருவியிடம், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். வாலை ஆட்டியது. அன்றைக்கு முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான். பலாமரப் பொந்தில் புள்ளி ஆந்தைகள் இரண்டு குடியிருந்தன. பொழுது சாயும்போது வெளியே வந்து, ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்து என்னையே உற்றுப் பார்க்கும். எனக்கு வயிறு எரியும். ஆந்தைக்குக்கூட ஜோடி இருக்கிறதே!

அந்த எரிச்சலில்தான் யோசனை பிறந்தது. ராமாயி சகுனத்துக்குப் பயந்தவள். போனைப் போட்டேன்.

"நம்ம ஊட்டப் பாத்து ஆந்தை அலறுது புள்ள."

"எத்தன தடவைங்க?"

இதை நான் யோசித்து வைக்கவில்லை. "ஒரு தடவை."

"ஒண்ணுன்னா சாவுங்க. ஊட்டுல நீங்க ஒருத்தர்தான இருக்கீங்க?"

எனக்கு அந்தக் குளிரிலும் வேர்த்துவிட்டது. "இல்ல, இல்ல, மூணு!"

"மூணுன்னா ஊட்டுக்குப் பொம்பள வருவா. யாருங்க அவ?"

"நாலு! நாலுதான்! நல்லா எண்ணிட்டேன்."

"நாலுன்னா சண்டைங்க. நானே அங்க இல்லியே, யாரோட போடுவீங்க? சரி, அது கத்துறதப் பதிவு பண்ணி வாட்ஸப்புல அனுப்புங்க. கேட்டுட்டுச் சொல்றேன்."

மறுநாள் சாயங்காலம் பலாமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தினமும் கீச்சுக்கீச்சென்று உயிரை வாங்குகிற இரண்டும் அன்றைக்கு மூச்சு விடவில்லை. வேறு வழி? நானே அலறினேன். நாலு தடவை. மூன்றாவதில் பனிக்காற்று தொண்டையில் ஏறி இருமல் வந்துவிட்டது. ஆந்தைகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்து போயின. இருந்த துணையும் போச்சு. பதிவை அனுப்பிவிட்டு, அந்த வெறும் கிளையைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றேன்.

அடுத்த நாள் பதினோரு மணிக்கு அவளே கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல். மகள் வீட்டு மிக்ஸி என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, அந்த ஆந்தைக்கு இருமலுங்களா? மிளகுக் கசாயம் வெச்சுக் குடுங்க."

வந்த இருமலைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

"ஆந்தைக்காகவெல்லாம் வர முடியாதுங்க. வேற யாருக்காச்சும் நான் வேணும்னாச் சொல்லுங்க."

சபதமாவது, மண்ணாவது! "எனக்குத்தான் புள்ள! தனியா இருக்க முடியல. சோறு எறங்கல. குருவிகிட்டப் பேசிட்டுக் கெடக்கறேன். வந்துரு கண்ணு!"

அந்தப் பக்கம் கொல்லென்று சிரிப்பு. ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, நாற்பது ஐம்பது பேர். கூடவே நீளமாக ஒரு ஹாரன்.

"அழுவாதீங்க. காலையிலயே பஸ் ஏறிட்டேன். மலைப்பாதை எழுபது வளைவுல இப்ப அறுபதாவது. ரெண்டு கையிலயும் பை, அதான் போன ஸ்பீக்கர்ல போட்டு மடியில வெச்சிருக்கேன்."

இன்னும் அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயித்திருப்பேன். போனை வைக்கப் போனேன். அதற்குள் கண்டக்டர் குரல் கேட்டது.

"ஏனுங்கண்ணா, இன்னொருக்காச் சொல்லுங்க. பின்சீட்டுல சரியாக் கேக்கலீங்களாம்!"