வளைவுக்கு ஓர் ஆள்

கும்மிடிப்பூண்டி
20-8-78

மதிப்பிற்குரிய மச்சான் அருணகிரி அவர்களுக்கு,

தங்கள் தங்கை ரத்னாவின் புருஷன் பூவராகவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் சுகம். மாறி மாறிப் புகைந்துகொண்டிருக்கிறோம். அங்கு பள்ளிப்பட்டில் அத்தையும் தாங்களும் ரத்னாவும் சௌக்கியமாயிருக்கப் பவானியம்மன் துணை.

அம்மன் பேரை எடுத்தேனே, சண்டையே அங்கேதான். பெரியபாளையம் ஆடித் திருவிழாவுக்குப் போகணும், வேப்பிலை உடுத்திக் கோயிலைச் சுற்றும் வேப்பஞ்சேலை வேண்டுதல் இருக்கு என்றாள் ரத்னா. நான் கூட்டம் எவ்வளவு, நெரிசல் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, முடியாது என்று தீர்ப்புச் சொன்னேன். "கணக்கையே கட்டிக்கினு குடித்தனம் நடத்துங்க" என்று தனியாகப் போனவள், அப்படியே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நான் என்ன செய்வேன் மச்சான், என் பிழைப்பே அது. மின்சாரக் கேபிளை இரும்பு டிரேயில் இழுக்கும்போது எவ்வளவு உராயும், எத்தனை பேர் இழுக்கணும் என்று முன்னாடியே சொல்லத்தான் கம்பெனியில் எனக்குச் சம்பளம். நேராக ஓடினால் சுலபம். வளைவுக்கு வளைவு பிடித்துக்கொள்ளும், அங்கெல்லாம் ஆள் நிறுத்தணும். ரத்னாவை அழைத்துவரவும் அப்படியே கணக்குப் போட்டுவிட்டேன். அவள் பிடிவாதத்துக்குக் கிளப்பவே நாலு பேர் வேண்டும். பிறகு பஸ் மாறும் இடமெல்லாம் வளைவு, திரும்பிப் போய்விடுவாள். ஆகவே திருத்தணியில் அத்தையையும் திருவள்ளூரில் தங்களையும் நிறுத்தவும். மூன்றாவது வளைவு பெரியபாளையம், அதை அம்மன் பார்த்துக்கொள்வாள்.

நேத்து பாருங்க, புது ஷெட்ல கேபிள் இழுக்க இருபது பேர் வேணும்னு அடிச்சுச் சொன்னேன். சோப்புத் தண்ணி தடவியிருந்தோம், உருளைங்களும் புதுசு. "இழு"ன்னதும் கேபிள் சர்ருனு வந்துடுச்சு. இருபது பேரும் மல்லாக்க விழுந்தாங்க, அவுங்க மேல நான். மேஸ்திரி துலுக்காணம் அடியில கெடந்துக்கினே, "இன்னா சார், சும்மா கூப்ட்டிருந்தாவே வந்திருக்குமே!"ங்கறான். ஷெட்டே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். ஊட்டுக்கு வந்து கதவைத் தொறந்ததும், "ரத்னா, இந்தக் கூத்தைக் கேளேன்"னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். உள்ளே ஸ்டவ் மட்டும்தான் இருந்துது. ரொம்பத் தனியா இருக்குது மச்சான்.

அத்தைக்கு நமஸ்காரம், தங்கள் பிள்ளைகளுக்கு ஆசி. ஆட்களை மட்டும் குறைத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
பூவராகவன்

பி.கு.: ஒருத்தரும் கிளம்ப வேண்டாம். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எல்லாரையும் இழுக்கச் சொல்லியிருக்கிறேன், நான் அவளை 'வா' என்று கூப்பிட்டதாக ஒரு வரியும் இல்லை. நாளை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். இது வந்து சேரும்போது உங்கள் வீட்டில்தான் இருப்பேன். அவள் வரமாட்டேன் என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். என்னைக் கிளப்ப எத்தனை பேர் வேண்டும் என்று நீங்கள்தான் கணக்குப் போடணும்.