தலை தீபாவளியில் நான் கண்ட அபூர்வப் பறவை

எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவற்றைப் பற்றித்தான் நான் அதிகம் பேசியிருக்கிறேன். பறவைகளுக்கு அதில் முதலிடம். கந்தர்வக்கோட்டை முந்திரிக்காட்டுப் பக்கம் வளர்ந்தவன் நான். கல்யாணத்துக்குச் சில மாதங்கள் முன்பு ஒரு பைனாகுலர் வாங்கி, பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரையில் நின்றேன். (அதில் ஒரு ஞாயிறு மழை.) அதோடு நிபுணனாகிவிட்டேன்.

எங்களுடையது காதல் கல்யாணம். கவிதாவின் அப்பா அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்குச் சம்மதித்தாரே தவிர, என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "அவுகளச் சாப்பிடச் சொல்லு" என்பார் மகளிடம். அவரை எப்படியாவது பேசவைத்துவிட வேண்டும் என்றுதான் மணமேல்குடிக்குப் பக்கத்திலிருந்த அவர்கள் ஊருக்குத் தலை தீபாவளிக்குப் போனேன். போன உடனேயே அறிவித்தேன்: "ஐப்பசியில வெளிநாட்டுப் பறவையெல்லாம் இந்தக் கரைக்கு வரும் மாமா. நாளைக்குக் காலையில ஒங்களுக்குக் காட்டுறேன்."

மாமா மகளைப் பார்த்தார். "மொதல்ல எண்ணெ தேச்சுக் குளிக்கச் சொல்லு."

மறுநாள் விடியற்காலையில் அத்தை என் தலையில் நல்லெண்ணெயைக் கவிழ்த்தார். "நல்லா ஊறட்டும் மாப்ள. வெந்நி காய இன்னும் அர மணி நேரமாகும்" என்றார். அரை மணி நேரத்தில் எத்தனை பறவை பார்க்கலாம்! பழைய வேட்டியும் பைனாகுலருமாகக் கொல்லைப்புறம் வழியே நழுவினேன். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் கடலோரச் சேறு. மெல்ல விடிந்துகொண்டிருந்தது. உள்ளான் குருவிகள் கூட்டம் கூட்டமாக ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருந்தன. அத்தனை அழகு. எது எந்த உள்ளான் என்றுதான் தெரியவில்லை. தலையிலிருந்து எண்ணெய் வழிந்து கண்ணுக்கு வந்து, கண்ணிலிருந்து பைனாகுலருக்குப் போனது. கண்ணாடியை விரலால் துடைத்தேன். (அந்த விரலிலும் எண்ணெய்தான்.)

அப்போது ஊருக்குள் யாரோ அணுகுண்டு வெடித்தார்கள். மொத்தக் கூட்டமும் எழும்பிப் பறந்தது. ஒன்றே ஒன்று மட்டும் அசையவில்லை. மங்கலாக, வெள்ளையாக, ஆளுயரத்துக்கு நின்றது; பிறகு தள்ளாடித் தள்ளாடி நடந்தது. வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்தேன். பறவைக் குழுவுக்கு வாய்ஸ் மெசேஜ் பதிவு செய்தேன்:

"நண்பர்களே, அபூர்வப் பறவை ஒண்ணு. நாரை எனம். நல்ல வயசிருக்கும். ஒடம்பு பெருத்துப்போச்சு, காலு மட்டும் குச்சி. தலையில ஒத்த எறகு கெடையாது. நடை தள்ளாடுது. வெடிச் சத்தத்துக்கே அசையல, காது கேக்காது போலருக்கு. எதுவும் கிட்ட அண்டக் காணோம். சிடுமூஞ்சிப் பறவையா இருக்கணும்."

அனுப்பினேன். பறவை இடுப்பிலிருந்து எதையோ எடுத்தது. அடுத்த நொடி என் குரல் அந்தப் பறவையிடமிருந்து வந்தது. "நண்பர்களே, அபூர்வப் பறவை ஒண்ணு..."

எண்ணெய் வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். நான் அனுப்பியது பறவைக் குழுவுக்கு இல்லை, கவிதா வீட்டுக் குடும்பக் குழுவுக்கு. வெந்நீர் காய்ந்துவிட்டதால் மாப்பிள்ளையைத் தேடி மாமாவே வந்திருக்கிறார், மடித்துக் கட்டிய வேட்டியும் வெள்ளைத் துண்டுமாக. எந்தச் செய்தியையும் ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கிற மாதிரிதான் கேட்பார். சேற்றில் நின்றபடி முழுதாகக் கேட்டார். மறுபடி ஒரு முறை போட்டார்.

அழிக்கப் பார்த்தேன். எண்ணெய் விரல் வழுக்கி, என் செய்திக்கு நானே ஒரு இதயம் போட்டுக்கொண்டேன். கவிதாவின் அழைப்பு வந்தது.

"எங்கிட்டு இருக்கீங்க? இங்கிட்டுத் தம்பி தரையில உருண்டு சிரிக்கிறான். அம்மா மூணாந் தடவையாப் போட்டுக் கேக்குது. அப்பா பாத்துட்டாங்களா?"

"பாத்துக்கிட்டே வாராரு" என்றேன்.

மாமா வந்து நின்றார். என் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. (பாதி எண்ணெய்.) கல்யாணம் ஆனபிறகு பெண்ணைத் திருப்பிக் கேட்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு காலைத் தூக்கி, சேற்றில் புதைந்த செருப்பை உருவினார். என்னிடம் சொல்லச் சொல்வதற்கு அங்கே கவிதா இல்லை.

"வெந்நி ஆறுது மாப்ள. வாங்க."

பேசிவிட்டார்! தோப்பு வரைக்கும் முன்னால் நடந்தவர், திரும்பாமலே சொன்னார்: "காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது."

அன்றிலிருந்து அந்த வீட்டில் மாமா கோபப்பட்டால் அத்தை பதில் சொல்வதில்லை. போனை எடுத்து அந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டுவிடுகிறார். கல்யாண வீடுகளில் மாமாவைக் காணவில்லையென்றால் மச்சினன் என்னிடம் வந்து, "பறவை எங்கிட்டு மேயிது அத்தான்?" என்கிறான். மாமா இந்தக் கேலி எதற்கும் கோபித்துக்கொள்வதில்லை. ஐப்பசி பிறந்ததும் நேராக எனக்கே போன் போடுவார்.

"மாப்ள, எறகில்லாத நாரை ஒண்ணு இங்க கரையில தனியா நிக்கிது. எப்ப வாரீக?"