ஸ்டாம்பிங் ஆச்சா, மாப்பிள்ளை?

“ஆச்சு சம்பந்தி, ஆச்சு! நேத்தே அடிச்சுக் குடுத்துட்டாக” என்று பாவா போனில் சொன்னதும், அவர் மகன் ரசீத்தின் கையிலிருந்த டீ முழுவதும் சட்டையில் கொட்டியது.

“என்ன வாப்பா ஆச்சு? ஒண்ணுமே ஆகலியே!”

“ஆகும்லா? நாளைக்கு ஆகப்போறத இன்னைக்கே சொன்னா என்னலே குத்தம்?”

பாவா இருபத்தாறு வருஷம் கத்தாரில் இருந்தவர். பேட்டையில் எந்த வீட்டுப் பையன் வளைகுடாவுக்குக் கிளம்பினாலும், பாவாவிடம் கேட்காமல் பாஸ்போர்ட் போட்டோகூட எடுக்க மாட்டான். அவர் அறிந்தவரையில் விசா என்பது, ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்து, மருத்துவப் பரிசோதனைக்குப் போய் நெஞ்சைக் காட்டிவிட்டு வந்தால், பதினைந்தாம் நாள் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்து, அதாவது ஸ்டாம்பிங் ஆகி, வீடு தேடி வரும் வஸ்து. மகன் போனது அமெரிக்கா என்பதை அவர் ஒரு சின்ன விவரமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

ரசீத் அங்கே படிக்கப் போனவன். படிப்பு முடிந்து அங்கேயே வேலை கிடைத்தது. மாணவன் என்ற நிலையை ஊழியன் என்று அங்கிருந்தபடியே மாற்றிக்கொண்டான். மாற்றியாயிற்று என்று காகிதம் வந்தது. ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்ட வேண்டிய விசா அந்த நாட்டுக்குள் கிடைக்காது. வெளியே வந்து, நேர்காணலுக்கு நின்று, வாங்கிக்கொண்டுதான் திரும்பவும் உள்ளே போக வேண்டும்.

இதை மகன் மூன்று முறை விளக்கிய பிறகு பாவா கேட்டார்: “அப்ப உள்ள இருக்கவன்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டான். வெளிய வந்தவன உள்ள விட மாட்டான். அப்படித்தான?”

“அப்படித்தான்.”

“பெறவு எதுக்குலே வெளிய வந்த?”

“நீங்கதான வாப்பா, பொண்ணு பாத்திருக்கேன், ஒடனே கெளம்பி வான்னு சொன்னீக!”

பாவா பேச்சை மாற்றிவிட்டார்.

சென்னையில் நேர்காணல் எடுத்த அதிகாரி நன்றாகத்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கூடுதல் பரிசீலனை என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார். எத்தனை நாளாகும் என்று கேட்டதற்கு, முடிந்ததும் சொல்வார்கள் என்று பதில். மாசக் கடைசிக்குள் வந்து சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். ரசீத்தைத் தூங்கவிடாமல் செய்தது தஸ்மியா. மேலப்பாளையம் சிராஜுதீனின் மூத்த மகள். பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள். பெண் பார்க்கப் போன அன்று அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“எப்ப திரும்பிப் போவீங்க?”

“ஸ்டாம்பிங் முடிஞ்ச மறுநாளே!” என்று ரசீத் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். ரெண்டு நாளில் பதில் சொல்கிறோம் என்றார்கள். பன்னிரண்டு நாளாகியும் பதில் இல்லை. அவளைத் தவிர இன்னொரு பெண்ணை நினைத்துப் பார்க்கவும் அவனுக்கு மனசு வரவில்லை. ஆனால் சிராஜுதீனிடமிருந்து தினமும் காலையில் போன் மட்டும் தவறாமல் வந்தது: “ஸ்டாம்பிங் ஆச்சா?”

“சிராஜுதீனும் முப்பது வருஷம் ரியாத்துல சபுர் இருந்த ஆளு. சபுராளி வீட்டுல சபுராளி மாப்பிள்ளையத்தான்லே கேப்பாக” என்று, வெளிநாட்டில் போய்ப் பிழைப்பதைச் சபுர் என்று சொல்லும் பாவா காரணத்தைக் கண்டுபிடித்தார். “விசாவக் கண்ணுல காட்டுனா பொண்ணு வரும்.” அதனால்தான் அந்த ‘ஆச்சு சம்பந்தி’. சம்பந்தமே முடிவாகாதபோது சம்பந்தி எங்கிருந்து வந்தார் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பாவாவை அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் சிராஜுதீன், அந்த ‘ஆச்சு’வைக் கேட்டதும் போனைப் பொத்திக்கொண்டு உள்ளே யாரிடமோ பேசினார். பிறகு, “அப்படியா காக்கா... சரி. ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, வீட்டுல பாக்கணும்ங்காக” என்று வைத்துவிட்டார்.

“இப்பமே உள்ளதச் சொல்லிருங்க, அல்லாவுக்காவ” என்று அடுக்களையிலிருந்து ரசீத்தின் உம்மா ஜுபைதா பீவி குரல் கொடுத்தாள். பாவா அதைக் காதில் வாங்கவில்லை.

“ஒன் பழைய விசா, அந்தப் படிக்கப் போன விசா, போன்ல கெடக்கா?”

“கெடக்கு. ஆனா அது வேறல்லா வாப்பா?”

“எல்லாம் ஒரே படந்தாம்லே. எழுத்து தெரியாம வெரல வச்சு இன்னொரு போன்ல பிடி.”

ரசீத் பெருவிரலை வைத்தான். பாவா படம் பிடித்தார். போய்ச் சேர்ந்த ஐந்தாவது நிமிஷம் அர்ஷியா கூப்பிட்டாள். தஸ்மியாவின் தங்கை, கல்லூரியில் படிப்பவள். அக்காவை லாத்தா என்று கூப்பிடுகிற வாயால், எதுவும் முடிவாகும் முன்பே அவனை மச்சான் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

“மச்சான், இது படிக்கப் போறவங்களுக்குள்ள விசால்லா? தேதியும் போன வருஷமே முடிஞ்சுட்டு. ஒங்க பெருவெரல் மட்டும் ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு.”

அடுத்து சிராஜுதீன். “காக்கா, மாப்பிள்ள வேல பாக்காருன்னுதான சொன்னீக? இன்னும் படிச்சுக்கிட்டா இருக்காரு?”

விசா இல்லாத மாப்பிள்ளை இப்போது வேலையும் இல்லாத மாப்பிள்ளை ஆகிவிட்டான். பாவா அசரவில்லை.

“ஒன் அரபாப்ப பேசச் சொல்லுலே. மொதலாளியே வாயத் தொறந்து சொன்னா பெறவு என்ன பேச்சு இருக்கு?”

அரபாப் என்று பாவா சொன்னது டயான் என்கிற மேலாளர் அம்மாளை. தங்கமான மனுஷி. கல்யாண விஷயம் என்றதும் வீடியோவில் வருவதாக உடனே ஒப்புக்கொண்டாள். அங்கே சனிக்கிழமை சாயங்காலம். இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. தெருமுனை ஆட்டோக்காரன் பேச்சிராஜைப் பிடித்து வாப்பாவும் மகனும் ஏழு மணிக்கே மேலப்பாளையம் போய்விட்டார்கள்.

சிராஜுதீன் வீட்டுக் கூடத்தில் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தார்கள். மொழிபெயர்க்க அர்ஷியா. கதவுத் திரைக்குப் பின்னால் தஸ்மியாவும், முப்பது வருஷம் ரியாத் தபாலுக்குக் காத்திருந்த அவள் உம்மா நஃபீஸத்தும் நிற்பது கால்கள் தெரிந்ததில் தெரிந்தது.

டயான் கையசைத்துவிட்டுப் பேசினாள்.

“மச்சான் ரொம்பக் கெட்டிக்காரராம். இவர மாதிரி ஒரு ஆள் கெடைக்கது கஷ்டமாம்” என்றாள் அர்ஷியா.

“பாத்தீகளா!” என்றார் பாவா, தன்னையே பாராட்டியதுபோல.

டயான் இன்னும் உற்சாகமாகப் பேசினாள். ரசீத் போனை நோக்கிக் கையை நீட்டினான். அதற்குள் அர்ஷியா சொல்லத் தொடங்கிவிட்டாள்.

“விசா சீக்கிரம் வரணும்னு தெனமும் வேண்டிக்கிடுதாங்களாம். மாசக் கடைசிக்குள்ள வரலன்னா இவரு எடத்தப் பிடிச்சு வைக்க அவங்களால முடியாதாம்.”

எல்லோரும் பாவாவைத் திரும்பிப் பார்த்தார்கள். டயான் மட்டும் எல்லோருக்கும் கையசைத்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அப்ப ஸ்டாம்பிங் ஆகலியா?” என்று சிராஜுதீன் மெதுவாகக் கேட்டார்.

“ஆகல மாமா. வாப்பா ஏதோ ஆசையில சொல்லிட்டாக. மன்னிச்சிருங்க.”

“வராமலே போனாலும் போவுமோ?”

“போகலாம் மாமா” என்றான் ரசீத். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் அழுகைதான் வந்தது.

திரை விலகியது. நஃபீஸத் வட்டலப்பம் கொண்டுவந்து, அவன் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இரண்டு கரண்டி வைத்தாள். திரும்பி வராத விருந்தாளியை நன்றாகச் சாப்பிட வைத்து அனுப்புகிறார்கள் என்று ரசீத் நினைத்துக்கொண்டான்.

திரும்பும்போது ஆட்டோ ஆற்றுப் பாலம் ஏறியதும் பாவா, “அந்தம்மா ரெண்டாவது பேச்சப் பேசாம இருந்திருக்கலாம்” என்றார்.

மறுநாள் காலை போன் வந்தது. வழக்கமான கேள்வி இல்லை.

“காக்கா, பொண்ணுக்குச் சம்மதம். வார வெள்ளிக்கு மறு வெள்ளி நிக்காஹ் வச்சுக்கிடுவோம். தள்ளிப்போட வேண்டாம்.”

பாவா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “விசா இல்லன்னு தெரிஞ்ச பெறவும் பொண்ணு குடுக்காகளே, ஜுபைதா! எப்பேர்ப்பட்ட மனுசங்க!”

ரசீத்துக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. விசாவைப் பார்க்காமல் தன்னை மட்டும் பார்த்துச் சம்மதித்தவளுக்குத் தான் என்ன செய்யப் போகிறோம் என்று யோசித்தான். விசாவை வாங்கியே தீர்வது என்று முடிவு செய்தான்.

அன்றே தொடங்கினான். வக்கீலுக்கு எழுதினான், டயானுக்கு எழுதினான், கேட்ட காகிதத்தோடு கேட்காத காகிதத்தையும் சேர்த்துச் சென்னைக்கு அனுப்பினான். ஜுபைதா பீவி மூன்று நோன்பு வைத்தாள். பாவா தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த வழியாகப் போன எல்லாக் கூரியர்காரரையும் நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார். ஒருவர் போலீசைக் கூப்பிடுவேன் என்று மிரட்டிவிட்டுப் போனார்.

இடையில் டயான் ஒரு யோசனை சொன்னாள். விசா வராவிட்டாலும் பரவாயில்லை; பெங்களூர்க் கிளையில் இதே வேலை, பாதி நாள் திருநெல்வேலியில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

“வேணாம்னு எழுதிட்டேன் வாப்பா” என்றான் ரசீத். “நம்மள நம்பிப் பொண்ணு குடுக்காக. அவுகள பெங்களூர்ல கொண்டுபோய் ஏமாத்தச் சொல்லுதீகளா?”

“எம் மவன்லே நீ!” என்று பாவா அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

நிக்காஹுக்கு நான்கு நாள் இருக்கும்போது, நாற்காலியில் பாவா கண்ணயர்ந்திருந்த வேளையில், கூரியர் வந்தது. பாஸ்போர்ட். உள்ளே, மூன்று வருஷத்துக்கு, புத்தம் புது வேலை விசா. ரசீத் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் பேச்சிராஜின் ஆட்டோவில் ஏறினான். போனில் சொல்ல அவனுக்கு மனமில்லை. அவர்கள் முகம் மலர்வதை நேரில் பார்க்க வேண்டும்.

சிராஜுதீன் வீட்டு வாசலில் அர்ஷியா பந்தல்காரருக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தாள். ரசீத் மூச்சு வாங்க, விசாப் பக்கத்தை விரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். இந்தத் தடவை பெருவிரல் எதையும் மறைக்கவில்லை.

அர்ஷியா வாசித்தாள். ஒருமுறை வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அவசரமாகக் கதவைச் சாத்தினாள்.

“அய்யோ மச்சான், அத மொதல்ல பைக்குள்ள வைங்க! ஒங்களுக்கு விசா வரவே வராதுன்னு எங்க வாப்பா அடிச்சுச் சொன்ன பெறவுதான் லாத்தா சரின்னே சொன்னா!”