எதிர்ச்சாரி வெளிநாடு

கேட்டா என்னும் கடலோர நகரில் தேவாலயப் பாடகர் குழுவையும் இரண்டு மீன்பிடிப் படகுகளையும் ஒரே குரலில் அதட்டி நடத்திவரும் என் மதிப்புக்குரிய மைத்துனர் மாவுலி அவர்களுக்கு, தங்கள் தங்கை செலாசியின் கணவன் அட்ரி ஸ்பிராங்கர்ஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே மழையும் என் முதுகுவலியும் சௌக்கியம். அங்கே தாங்களும் அண்ணியாரும் படகுகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நலம் விசாரிப்பு ஒரு வரி, சந்தேகம் மூன்று பக்கம். செலாசி அனுப்பிய புகைப்படத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரியும் சிவப்பு ஓட்டு வீடு என்னுடையது என்று அவள் சொன்னாளாம். சொந்த வீட்டை எதிரே வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஏன் மனைவியோடு உருளைக்கிழங்கு வறுக்கும் கடையின் மாடியில் குடியிருக்கிறான், அந்த வீட்டுக்குள் வேறு ஒருத்தி இருக்கிறாளா என்று ஊரார் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். தாங்கள் கேட்கவில்லை, ஊரார்தான் கேட்கிறார்கள். அந்த ஊராரை எனக்குத் தெரியும். எங்கள் கல்யாண விருந்தில் ஆட்டிறைச்சி போதவில்லை என்று சொன்ன அதே ஊரார்தான். பரவாயில்லை, பெண் கொடுத்தவர் கேட்கத்தான் வேண்டும். நான் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பதில் கொஞ்சம் நீளம். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், அந்த வீடு என்னுடையதுதான். அதில் வேறு ஒருத்தியும் இல்லை. என் முதல் மனைவி மார்லேன் இறந்த பிறகு அங்கே இருந்தது நானும் சில கோழிகளும் மட்டுமே. கேட்டாவில் தண்ணீர் பம்புகள் மாட்ட வந்து, தங்கள் தங்கையைக் கண்டு, தங்கள் பாடகர் குழு தொண்டை கிழியப் பாட, மோதிரம் மாற்றிக்கொண்டு ஊர் திரும்பிய நான், அவளை அழைத்துவர எங்கள் நெதர்லாந்து நாட்டு அலுவலகத்துக்குப் போனேன். முதுகு ஒடிந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். அந்தச் சின்ன ஓய்வூதியத்தைப் பார்த்துவிட்டு, அங்கிருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். "இந்த வருமானத்துக்கு மனைவியைக் கூப்பிட முடியாது சார். அது போக, அவங்க அங்கேயே நம்ம மொழியில பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணணும்." நான் சொன்னேன்: "அம்மா, அவளுக்கு மூணு மொழி தெரியும். நம்ம மொழி மட்டும்தான் தெரியாது." அவள் சொன்னாள்: "அந்த ஒண்ணுதான் சார் வேணும்."

அன்று மத்தியானம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எதிர்ச்சாரியில் இருக்கும் கோடெலீவின் கடைக்குப் போனேன். கோடெலீவ் என்னோடு சிறு வயதிலிருந்து சண்டை போட்டு வருபவள், கணவனை இழந்தவள், உருளைக்கிழங்கு வறுவலில் கெட்டிக்காரி. வறுவலை எண்ணெயிலிருந்து அள்ளி உதறிக்கொண்டே என் கதையைக் கேட்டவள், "நீ ஒரு மடையன்யா அட்ரி" என்றாள். "சொந்த நாட்டுல உக்காந்துக்கிட்டு உரிமை கேட்டா எவன் குடுப்பான்? வெளிநாடு போ. ஐரோப்பாக்காரன் இன்னொரு ஐரோப்பிய நாட்டுக்குப் போயி, குடியேறி, வேலை பார்த்தான்னா, கட்டினவ கூடவே வரலாம். பரீட்சையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது." எனக்கு எரிச்சல் வந்தது. "முதுகு ஒடிஞ்சவன் இந்த வயசுல எந்த வெளிநாட்டுக்குப் போறது?" அவள் கரண்டியால் தரையைக் காட்டினாள். "இப்ப எங்கய்யா நிக்கிற?"

பெல்ஜியத்தில் நின்றுகொண்டிருந்தேன், மைத்துனரே. எங்கள் ஊரில் எல்லைக்கோடு தெருவுக்குள்ளேயே ஓடுகிறது, என் வீட்டுக்கும் இந்தக் கடைக்கும் நடுவே. நடைபாதையில் வெள்ளைச் சிலுவைகளாகக் குறி போட்டிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து அதை மிதித்துக்கொண்டுதான் ரொட்டி வாங்கப் போய் வருகிறேன். அந்தக் கோட்டுக்கு வீட்டுப் பக்கம் என் மனைவிக்கு இடமில்லை, கடைப் பக்கம் இடமுண்டு என்பது வெகு காலம் மிதித்த காலுக்குக்கூடத் தெரியாமல் போய்விட்டது. மறு வாரமே கோடெலீவின் மகன் பாவோ, கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசிக்கிறவன், ஒரு தள்ளுவண்டி கொண்டுவந்தான். கட்டில், பாத்திரம், மார்லேனின் கடிகாரம் எல்லாவற்றையும் ஏற்றினோம். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "எங்க கிளம்பிட்டீங்க?" என்றார். "வெளிநாட்டுக்கு" என்றேன். "நல்லபடியா போய்ட்டு வாங்க" என்று தொப்பியைத் தூக்கினார்.

கடைக்கு மேல் ஒரே அறை. தலையணை, பைபிள், பல் துலக்கும் தூரிகை எல்லாமே வறுவல் வாசனை. கோடெலீவ் என்னை முறைப்படி வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். உருளைக்கிழங்கு தோல் சீவுவது என் வேலை. பம்பைக் கழற்றி மாட்டிய கை இது என்றேன். "கிழங்குக்குள்ள பம்பு இல்ல, சீக்கிரம் சீவு" என்றாள். பெல்ஜியத்து அலுவலகத்தில் வெளிநாட்டவர் பிரிவில் வரிசையில் நின்றேன். அங்கிருந்த இளைஞன் தலை நிமிராமல் கேட்டான். "எப்ப வந்தீங்க?" "போன வாரம்." "எப்படி வந்தீங்க?" "நடந்துதான்." அவன் நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ பாலைவனத்தைத் தாண்டி வந்தவன் மாதிரி, எழுந்துபோய் எனக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அடுத்தது போலீஸ். பதறாதீர்கள். இந்த நாட்டில் புதிதாகக் குடியேறினால், அந்த ஆள் உண்மையாகவே அங்கேதான் வாழ்கிறானா என்று பேட்டைப் போலீஸ்காரர் வீடு தேடி வந்து பார்ப்பது வழக்கம். எங்கள் பேட்டைக்கு லீவன் என்று ஒருவர், நல்ல மனிதர், ஆனால் நான் இல்லாத நேரமாகப் பார்த்து வருவதில் வல்லவர். அவர் கடை வாசலில் மணியை அடித்தபோது நான் எதிரே, என் கொல்லையில் நின்றுகொண்டிருந்தேன். "ஐயா, இதோ வந்துட்டேன்!" என்று கத்தினேன். "நீங்க யாரு?" "மாடியில குடியிருக்கிறவன்!" "அப்ப அங்க என்ன பண்றீங்க?" "கோழிக்குத் தீனி!" "யாரு கோழி?" "என் கோழி!" "யாரு வீடு?" இதற்கு நான் பதில் சொல்வதற்குள் கோடெலீவ் கடைக்குள்ளிருந்து, "அந்த ஆளுக்குக் காது கேக்காது, விடுங்க!" என்று கத்தினாள். காது கேட்காதவன் எப்படி இவ்வளவு நேரம் பதில் சொன்னான் என்று லீவன் யோசித்தது முகத்தில் தெரிந்தது. மறுபடி அவர் வந்தபோது முதுகு பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். "நீங்க படுத்துக் கிடக்கறதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமா இருக்கு!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். நோயாளியைப் பார்த்து இப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

அங்கே செலாசியின் விசா நேர்காணலுக்குத் தாங்களே துணைக்குப் போனீர்கள், வெயிலில் வெளியே நின்றீர்கள். உள்ளே நடந்ததை அவள் தங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். அதிகாரி காகிதங்களைப் புரட்டிவிட்டு, "உங்க வீட்டுக்காரர் எதிர்வீட்டுக்குக் குடிபோயிட்டு வெளிநாடுங்கிறார். இது என்ன நாடகம்?" என்றாராம். அதற்கு அவள், "எனக்காக ஒருத்தர் வீட்டை விட்டுட்டு வந்திருக்கார். எதிர்வீடா இருந்தா என்ன, ஏழு கடல் தாண்டி இருந்தா என்ன? விட்டது விட்டதுதானே ஐயா" என்றாளாம். இதை அவள் என்னிடம் சொன்னது இங்கே வந்த பிறகு, அதுவும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது. அதன் பிறகு எவ்வளவு திட்டினாலும் எனக்கு உறைக்கவில்லை.

அவள் வந்து இறங்கிய மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். "அந்த வீடு யாரோடது? தோட்டமெல்லாம் அழகா இருக்கே." "நம்மளோடது." "அப்ப இது?" "இதுவும் நம்மளோடதுதான், வாடகைக்கு." "அங்க எப்ப போகப் போறோம்?" "அங்க போனா நீ என் பொண்டாட்டி இல்ல. அதாவது பொண்டாட்டிதான், ஆனா..." அவள் ஜன்னலைச் சாத்தினாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. கோடெலீவோடுதான் பேசினாள். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. ஆனாலும் பேச்சு என்னைப் பற்றித்தான் என்பது சிரிப்பிலிருந்து தெரிந்தது.

அவளுடைய குடியிருப்பு அட்டைக்கு மனுப் போட்டுக் காத்திருந்தோம். பதிலாக வந்தது ஓர் எச்சரிக்கை. என் வாழ்க்கை உண்மையில் எதிர்ச்சாரி வீட்டில்தான் நடக்கிறது, இங்கே குடியிருப்பது வெறும் கண்துடைப்பு என்று சந்தேகிக்கிறார்களாம். சந்தேகம் தீராவிட்டால் மனு தள்ளுபடி, தங்கள் தங்கை நாட்டை விட்டு வெளியேற வேண்டும். கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டியபோது பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் போய்விட்டது. கோழிகளை லீவனின் மச்சினன் பண்ணைக்குக் கொடுத்தேன். தண்ணீரை நிறுத்தினேன், மின்சாரத்தை வெட்டச் சொன்னேன். கடைசியாக ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினேன். மார்லேன் படுத்துக் கிடந்த அறை ஜன்னலைச் சாத்தும்போது கை கொஞ்சம் நின்றது. தெருவைத் தாண்டித் திரும்பி வந்து, கடைக்குப் பின்னால் உட்கார்ந்து கிழங்கு சீவினேன். செலாசி பக்கத்தில் வந்து குந்தினாள். "அழறீங்களா?" "இல்ல, வெங்காயம்." "நீங்க சீவுறது உருளைக்கிழங்கு." பிறகு அவளும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டாள். கூடை தீரும்வரை இரண்டு பேரும் சீவினோம். பெட்டி கட்டிலுக்கு அடியில் பழையபடி போய்விட்டது.

விசாரணைக்கு எங்களை ஆளுக்கொரு அறையில் உட்கார வைத்தார்கள். உண்மையான புருஷன் பெண்டாட்டிதானா என்று பார்க்க ஒரே கேள்வியை இரண்டு பேரிடமும் கேட்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை என்ன சமைத்தீர்கள் என்றார்கள். கோழிக் குழம்பு என்றேன் நான். அவள் மீன் என்றிருக்கிறாள். யார் குறட்டை விடுவது என்றார்கள். அவள் என்றேன். அவள் என்னைச் சொல்லியிருக்கிறாள். வீட்டில் பணப்பொறுப்பு யாரிடம் என்றதற்கு, நான் அவளிடம் என்றும், அவள் என்னிடம் என்றும் சொல்லியிருக்கிறோம். கடைசியில் விசாரித்த அம்மையார் இரண்டு பேரையும் ஒன்றாக அழைத்தார். இரண்டு தாள்களையும் வாசித்துக் காட்டினார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நான் தலையில் கை வைத்தேன். அதற்குள் செலாசி, "கோழியாவது, அது மீன்! கோழி அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை! நீங்க என்னிக்குத்தான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டீங்க?" என்று ஆரம்பிக்க, "நீ என்னிக்கு அதுல உப்புப் போட்ட?" என்று நான் கேட்க, அம்மையார் கையைத் தூக்கி, "போதும். இது கல்யாணம்தான்" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆக, அட்டை வந்துவிட்டது மைத்துனரே. தங்கள் தங்கையின் படத்தோடு, என் பெயரில் ஓர் எழுத்து குறைவாக, ஆனால் செல்லுபடியாகும் அட்டை. இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. இப்படி வெளிநாட்டில் உண்மையாகக் குடும்பம் நடத்தியவன், மனைவியோடு சொந்த நாடு திரும்பும்போது அந்த உரிமையும் கூடவே வருமாம். வக்கீல் அடித்துச் சொல்லிவிட்டார். எனவே வசந்த காலத்தில் அதே தள்ளுவண்டியில் கட்டிலை ஏற்றி, நானும் செலாசியும் எங்கள் சொந்த வீட்டுக்குப் போகிறோம். ஜன்னல்களைத் திறக்கப் போகிறேன். வறுவல் வாசனை இல்லாத தலையணையில் படுக்கப் போகிறேன். தாங்களும் அண்ணியாரும் வந்து தோட்டத்து அறையில் தங்கி, அங்கே வேறு ஒருத்தி இல்லை என்பதைக் கண்ணால் கண்டு ஊராருக்குச் சொல்ல வேண்டும். தங்கள் விசாவைப் பற்றி இப்போது பேச வேண்டாம், எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்.

தங்கள் வலைகள் கனக்கட்டும், பாடகர் குழுவில் யாருக்கும் ஜலதோஷம் வராதிருக்கட்டும், கடல் தங்கள் வாசலை விட்டுத் தள்ளியே நிற்கட்டும்.

தங்கள் தங்கையால் தினமும் திருத்தப்பட்டு வரும் மைத்துனன்,
அட்ரி ஸ்பிராங்கர்ஸ்

பின்குறிப்பு: போன வாரம் இதை உறையில் போடுமுன் செலாசியிடம் படித்துக் காட்டினேன். சிரித்தாள். "யாரு வரப்போறது? நான் வரல. நீங்க வேணா உங்க நாட்டுக்குப் போங்க, ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் அவள் பொரிக்கும் சேனைக்கிழங்குக்கும் மிளகாய்ச் சாந்துக்கும் நிற்கும் கூட்டம் வெள்ளைச் சிலுவையைத் தாண்டி நெதர்லாந்து வரைக்கும் போகிறது. கோடெலீவுக்குக் கால் வீக்கம், இனிமேல் கடையைச் செலாசிதான் பார்த்துக்கொள்வதாக இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. நானும் எங்கும் போகவில்லை. இவள் இல்லாத வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்து என்ன செய்வது? வீடும் காலியாக இல்லை. பாவோ கச்சேரிக்காகப் பெரு நாட்டுக்குப் போன இடத்தில் மிலாக்ரோஸ் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டுவிட்டான். சொந்த நாடான பெல்ஜியத்துக்கு அவளைக் கூப்பிட, அக்கார்டியன் வருமானம் போதாதாம். "மாமா, உங்க வீடு வாடகைக்குக் கிடைக்குமா? நான் நெதர்லாந்துக்குக் குடிபெயரணும்" என்று வந்து நின்றான். நான் யோசிப்பதற்குள் செலாசி சாவியைக் கொடுத்துவிட்டாள். இன்று காலை அவன் தள்ளுவண்டியில் கட்டிலை ஏற்றிக்கொண்டு தெருவைத் தாண்டினான். கோடெலீவ் கடை வாசலில் நின்று, மேலங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுடா!"