சுவிஸ் அண்ணையின் நாலு பதினேழு ரயில்

லண்டன் தமிழர்களில், பக்கத்து வீட்டுக்காரனின் வளவுக்குள் கேட்காமல் ரயில் விட்ட ஒரே மனிதர் எங்கள் சுவிஸ் அண்ணைதான். வேறு யாராவது விட்டிருந்தால் எழுதி அனுப்புங்கள். அவர்களுடைய அயலவருக்கு ஆறுதல் சொல்லி நானே கடிதம் போடுகிறேன்.

நோர்பரியில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. சொந்தப் பெயர் தபால்காரருக்குத்தான் தெரியும். இருபது வருடம் சுவிஸில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சமைத்துவிட்டு இங்கே வந்தவர். அங்கிருந்து ஒரு பெட்டி நிறைய விளையாட்டு ரயிலையும், நேரம் பார்க்கிற பொல்லாத வியாதியையும் கொண்டுவந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், ஆறு நாற்பத்திரண்டுக்கு வரச் சொல்வார். நாற்பத்தைந்துக்குப் போனால் சோறும் ஆறியிருக்கும், முகமும் கறுத்திருக்கும்.

ஒரு கோடையில் பின்வளவில் தண்டவாளம் போடத் தொடங்கினார். முதலில் வெறும் மண்ணில் போட்டார். ஒரு கிழமை மழையில் களிமண் அதை விழுங்கிவிட்டது. கல்லும் சீமெந்தும் போட்டுத் திரும்பக் கட்டினார். சுரங்கம் கட்டினார், அதற்குள் நரிக்குட்டி ஒன்று குடிவந்தது. ஒவ்வொரு முறையும் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "தம்பி, இதுவும் ஒரு பாடம்" என்று சொல்லிக் கொப்பியில் எழுதிக்கொள்வார். நரிக்குட்டி வந்த அன்று எழுதிய பாடம்: சுரங்கத்துக்குக் கதவு வேணும்.

நாங்கள் ஒரு கலியாணத்துக்குக் கனடா போனோம். திரும்பி வந்து பின்கதவைத் திறந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். வேலியின் அடியில் இரண்டு ஓட்டை! ஒன்றால் தண்டவாளம் உள்ளே வந்து, என் மனைவியின் கறிவேப்பிலைச் சாடியைச் சுற்றி, மற்றதால் திரும்பிப் போயிருந்தது. சாடியடியில் குட்டி ஸ்டேசன். அதில் என் பெயர் வேறு.

"அண்ணை, இது என்ர வளவு."

"ஓம் தம்பி. என்ர பக்கம் ரயிலைத் திருப்ப இடம் காணாது. கோச்சி பிரளுது" என்றார், நான் ஏதோ நேரம் கேட்டதுபோல.

எனக்குத் தலைக்கு மேல் கோபம். கெடு வைத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயில் ஒரு சுற்று ஒழுங்காக ஓடவேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கே என் பக்கத்தைக் கழற்றி வேலியை அடைக்கவேண்டும். என் பக்கம் போனால் ரயிலே போச்சு. மனிதரின் முகம் செத்துப்போனது. ஆனாலும் சம்மதித்தார். நான் பலகையும் வாங்கி வைத்தேன்.

ஞாயிறு பார்த்தால் ஐயர் வந்து நிற்கிறார். நல்ல நேரம் நாலு பதினேழாம். அயலுக்குள் இருந்த தமிழர் எல்லாம் வந்திருந்தார்கள். புது வாகனத்துக்குச் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசிப்பது நம் வழக்கம். காருக்குச் சரி. இங்கே சில்லைவிடத் தேசிக்காய் பெரிது. எஞ்சின் வந்தது, முட்டியது, ஏறியது, பக்கவாட்டில் படுத்துவிட்டது. பதறிப்போன ஐயர், தோஷம் கழியட்டுமென்று தண்டவாளத்திலேயே தேங்காயை உடைத்தார். தண்ணீர் ஓடிய ஓட்டத்தில் கரண்டுப் பெட்டி டப்பென்று நின்றது.

சுவிஸ் அண்ணை எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டார். கொப்பியைத் தொடவே இல்லை.

"கழட்டுவம் தம்பி. சொன்னது சொன்னதுதான்" என்றார்.

திருப்புளி எடுக்க உள்ளே போய் வந்தால், அடுத்த அதிர்ச்சி. என் மனைவி முழங்காலில் இருந்து, தலைமயிர் காயவைக்கிற மெசினால் தண்டவாளத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் தொட்டாலே பேச்சு விழுகிற மெசின் அது.

"கெடு இண்டைக்குத்தானே வைச்சனீங்கள்? இண்டைக்கு முடிய இன்னும் நேரம் கிடக்கு. வயரைப் பிடியுங்கோ."

பிடித்தேன். ஐயர் சால்வையால் துடைத்தார். ஏழு பத்துக்கு ரயில் வேலி ஓட்டையால் வந்து, கறிவேப்பிலையைச் சுற்றி, பிரளாமல் திரும்பிப் போனது. அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். "ரெண்டு மணித்தியாலம் அம்பத்திமூண்டு நிமிசம் லேட்" என்று சொல்லி அழுதுவிட்டார். பிறகு கொப்பியை எடுத்து எழுதினார்: தேசிக்காய் சின்னதாய் வாங்கவேணும்.

இப்போது மழையில்லாத நாட்களில் எங்கள் வளவுக்கு நாலு பதினேழுக்கு ரயில் வரும். நான் வாங்கிய பலகை கொட்டிலில் கிடக்கிறது. போன செவ்வாய்க்கிழமை நாலு இருபதாகியும் ரயிலைக் காணவில்லை. செருப்பும் போடாமல் ஓடிப்போய் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மனிதர் குந்தியிருந்து தண்டவாளத்திலிருந்து ஒரு நத்தையைத் தூக்கிக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் பிந்தியதற்கு நல்ல பேச்சுப் பேசினேன். பேசி முடித்த பிறகுதான் என் நெஞ்சுப் படபடப்பு அடங்கியது.