மத்தேயுவில் எத்தனை இராசா

நள்ளிரவுப் பூசைக்கு இன்னும் முப்பத்தெட்டு மணித்தியாலம் இருக்கும்போது, இராசாவின் தலை உருண்டு வந்து சுலோஜனாவின் காலடியில் நின்றது.

உடல் மேசைக்குக் கீழே கிடந்தது. கையிலிருந்த கிண்ணத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

சைவ வீட்டிலிருந்து கத்தோலிக்க வீட்டுக்குக் கலியாணம் முடித்து வந்தவளுக்கு இது முதல் நத்தார். "பாலன் குடிலை இந்த முறை நீ கட்டு பிள்ளை" என்று சொல்லிவிட்டு மாமி சந்தைக்குப் போயிருந்தார். குடிலில் யேசு பிறப்பைக் காட்ட வைக்கும் அந்தப் பீங்கான் சுரூபங்கள், காலமான மாமா கப்பலில் வேலை செய்தபோது இத்தாலியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தவை. மாமாவின் படத்தைத் துடைக்கிற துணியால்தான் மாமி அவற்றையும் துடைப்பார்.

சுலோஜனா இராசாவைத் துவாயில் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே றம்லா அக்காவின் கணவர் நிப்றாஸ் பைபர் வள்ளம் திருத்துகிறவர்.

"வள்ளத்தையே ஒட்டுறவர், இராசாவை ஒட்டமாட்டாரா?" என்றார் றம்லா அக்கா. "நாளைக்குப் பின்னேரம் தாறன்."

"மாமிக்குச் சொல்லாதைங்கோ அக்கா. இவருக்கும்தான்."

"நான் என்னத்துக்குச் சொல்லப்போறன்?" அலுமாரியை ஒரு சாண் மட்டும் திறந்து, இராசாவை உள்ளே தள்ளி, படாரென்று சாத்தினார். "எங்கட குர்ஆனில மர்யம் பேரீச்ச மரத்தடியிலதான் பிள்ளை பெத்தவ. இராசாமாரே இல்லை. உங்கட வேதத்தில எத்தினை பேர்?"

சுலோஜனாவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மத்தேயுவைத் திறந்தாள். இரண்டு முறை வாசித்தாள்.

மாமி மீன்பையோடு வந்து குடிலைப் பார்த்தார். "மற்ற இராசா எங்க?"

"மாமி, மூண்டு பேர் எண்டு வேதத்தில இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம். குடுத்த பொருள்தான் மூண்டு. ஆக்களை எண்ணேல்லை. இராசா எண்டும் இல்லை, ஞானிகள்."

பேச்சு விழும் என்று காத்திருந்தாள். மாமி மீனை மறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். விரல் வரிவரியாக ஊர்ந்தது.

"ஓம். இல்லைத்தான்." பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "கழுதை இருக்கோ பார்" என்றார்.

மத்தேயுவில் இல்லை. லூக்காவிலும் இல்லை.

"அப்ப எங்கட குடிலுக்கும் வேண்டாம். பெட்டிக்குள்ள தேடாத."

"மாடு, மாமி?"

"அதையும் எடு. மாடு தனிய நிண்டா, கழுதை எங்கயெண்டு ஆக்கள் கேப்பினம்."

பின்னேரம் கணவன் கிருஷாந்த் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்தான். கலியாணத்துக்குப் பிறகு அவன் வேதாகமத்தைத் தொட்டதை சுலோஜனா கண்டதில்லை. அன்று மாமி சொன்னதைக் கேட்டதும், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசித்தான்.

"அம்மா, மேய்ப்பருக்கு வந்தது வானதூதன். வானத்து வெள்ளியைக் கண்டது ஞானிகள். ஞானிகள் போனது 'வீட்டுக்குள்' எண்டுதான் கிடக்கு. அப்ப குடிலுக்கு மேல வெள்ளிக்கு என்ன வேலை?"

"சரியான கதை" என்றார் மாமி. "அப்ப மிச்ச ரெண்டு இராசாவுக்கும் இஞ்ச என்ன வேலை?"

இரண்டு இராசாக்களும் ரிவிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். "இன்னும் வழியில வருகினம்" என்றான் கிருஷாந்த்.

ஒரு இராசாவை மறைக்கப் போய் மூவரையும் தொலைத்தாயிற்று. ஆனாலும் சுலோஜனாவால் வாசிப்பதை விட முடியவில்லை.

"மாமி, இருபத்தைந்தாம் திகதி எண்டும் எழுதேல்லை."

"அதை விடு. கேக் அடிச்சாச்சு."

மறுநாள் பின்னேரம் ஆறு மணிக்குக் குடில்களை ஆசீர்வதிக்கப் பங்குச் சுவாமி வருவதாக இருந்தது. ஐந்தரைக்கு மூவரும் குடிலுக்கு முன்னால் நின்றார்கள். மாதா, சூசையப்பர், ஒரு மேய்ப்பன், இரண்டு ஆடு. பாலனைப் பூசைக்குப் பிறகுதான் வைப்பார்கள் என்பதால் தொட்டியும் வெறுமை. வீடு மாறிப் போகிறவர்கள் லொறிக்குக் காத்திருப்பது போல இருந்தது.

"வேதத்தின்படி சரிதான்" என்றான் கிருஷாந்த். குரலில் உசார் இல்லை.

மாமி மாமாவின் படத்தைப் பார்த்தார். "மனுசன் எவ்வளவு ஆசையாக் கொண்டுவந்தவர்" என்று கண்ணைத் துடைத்தார்.

சுலோஜனாவால் தாங்க முடியவில்லை. "மாமி, அந்த இராசா..."

"பொறு பிள்ளை. முதல் நான் ஒண்டு சொல்லோணும்..."

"அம்மா, நானும்..."

வாசலில் செருப்புச் சத்தம். றம்லா அக்கா ஓலைக்கூடையோடு உள்ளே வந்தார். பசை மணம் முன்னால் வந்தது. கூடையிலிருந்து இராசாவை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு ஒரு கழுதையை வைத்தார். பிறகு ஒரு பீங்கான் வெள்ளியை வைத்தார்.

மூவரும் ஆளையாள் பார்க்கவில்லை.

"கோவிச்சுக்கொள்ளாதைங்கோ" என்றார் றம்லா அக்கா. "மூண்டு பேரும் தனித்தனியா வந்து, மற்ற ரெண்டு பேருக்கும் சொல்லாதைங்கோ எண்டு தந்தனீங்கள். இப்ப ஆர் எதை உடைச்சது எண்டுதான் எனக்கு மறந்துபோச்சு."