நீலப்புள்ளி ஓணான்

உலகத்துக்கு ஒரு புது உயிரினத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் என்ற பெருமை எனக்குக் கொஞ்ச நாள் இருந்தது. (கொஞ்ச நாள்தான். அதற்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்து நடந்து முதுகுவலியே வந்துவிட்டது.) பிறகு ஹட்டன் ரெஸ்ட் ஹவுஸில் ஒரு ஈரத்துணி அந்தப் பெருமையைத் துடைத்து எடுத்துவிட்டது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் எனக்கு வேலை ஓடாது.

ஐம்பதுகளின் கடைசி அது. வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மருந்துக் கணக்கப்பிள்ளை உத்தியோகம் எனக்கு. தேயிலையில் கொப்புள நோய் வந்து கொழுந்தெல்லாம் வீணாகிக்கொண்டிருந்த காலம். ஆட்கள் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக மருந்தடித்துப் போவார்கள். நான் பின்னாலேயே குடையோடு போய், "இங்க விட்டுப்போச்சு, அங்க விட்டுப்போச்சு" என்று கத்த வேண்டும். எஸ்.எஸ்.சி. வரை படித்த படிப்புக்கு அவ்வளவுதான் வேலை. அந்த மருந்து செம்பு கலந்தது, நல்ல நீல நிறம். செடி, மண், ஆட்களின் சாக்கு, என் சட்டை எல்லாம் நீலமாகத்தான் இருக்கும். (இந்த நிறத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளத் தவறிவிட்டேன்.)

தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம்; எங்கள் லயத்துக்குக் கீழ் லயத்தில் பாக்கியம் இருந்தாள். கொழுந்து எடுப்பவள். எனக்கு அவள் மேல் உயிர். அவளுக்கு என் மேல் எப்படி என்று கேட்கிற தைரியம் வந்ததே இல்லை. ஆனால் என்னைக் கேலி செய்யாமல் அவளுக்கு ஒரு நாளும் பொழுது போகாது. அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

அப்போதுதான் அவளுடைய அப்பா மாரிமுத்து குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விடலாம் என்று பேச ஆரம்பித்தார். அடுத்த நாளே அவர் வேலை முடிந்து போகும்போது வழிமறித்துக் கேட்டேன்.

"ஏங்க, பொறந்து வளந்த எடத்த விட்டுட்டு எதுக்குங்க போறீங்க?"

"இங்க நமக்கு என்னா தம்பி இருக்கு?" என்றார். "வோட்டு லிஸ்டுலயிருந்து பேர எடுத்துட்டாங்க. பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டா, இல்லைன்னுட்டாங்க. இந்த நாட்டுல எந்தப் பொஸ்தகத்துலயாவது எங்க பேரு இருக்கா? சொல்லுங்க பாப்போம்."

மனிதர் மனம் நொந்து சொன்னதை நான் வேலை உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டேன். பேர்தானே வேண்டும்? ஒரு புத்தகத்தில் ஏற்றிவிட்டால் போச்சு!

இந்த யோசனை வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு முந்தின வருஷம் கொழும்பிலிருந்து உயிரினங்களை ஆராய்கிற ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு மேலே உள்ள காட்டுக்கு வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய போத்தல்களைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நடந்துகொண்டே அவர் சொன்னார்: "தம்பி, புதுசு எண்டு சொல்லுறது லேசு. கிட்டின சொந்தத்திலயிருந்து எதால வித்தியாசம் எண்டு காட்டவேணும். காட்டினால் பேர் வைக்கலாம். விரும்பின ஆளின்ர பேரையும் வைக்கலாம்." முதல் பாதியை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. கடைசி வாக்கியம் மட்டும் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

எங்கள் பக்கத்துக் காட்டில் மூக்கில் கொம்பு வைத்த ஓணான் உண்டு. எல்லாருக்கும் தெரிந்தது. மாரிமுத்துவிடம் பேசிய அதே வாரம், மருந்தடித்து முடித்த மலையில் ஒரு ஓணானைப் பார்த்தேன். அதே உருவம், அதே மந்தமான நடை. ஆனால் மூக்கில் கொம்பு இல்லை. முதுகு நெடுக அழகழகாக நீலப்புள்ளி!  குடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தேன். மருந்துப் பம்பு ஆட்கள், கணக்கப்பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

அதை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்தேன். காட்டோரத்தில் கொம்பு ஓணான் ஒன்றைப் பிடித்து வந்து இன்னொரு டின்னில் வைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கால், வால், செதில் எல்லாம் ஒன்று. வித்தியாசம் இரண்டுதான்: கொம்பு இல்லை, புள்ளி உண்டு. போதாதா? "கல்யாணம் கட்டுற வயசுல ஓணான் வளக்குறான் பாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். கல்யாணத்துக்காகத்தான் வளர்க்கிறேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்த பாக்கியத்திடம் டின்னைத் திறந்து காட்டினேன்.

"இதுக்கு உன் பேரத்தான் வைக்கப்போறேன்."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஓணானும் அவளைப் பார்த்தது.

"மத்த ஆளுக பூ வாங்கிக் குடுப்பாங்க" என்றாள்.

"வெளையாடாத பாக்கியம். பொஸ்தகத்துல ஏறிடும். கொழும்புல, லண்டன்ல, எல்லா எடத்துலயும் உன் பேரு இருக்கும்."

"அப்புறம் யாரும் எடுக்க ஏலாதா?"

"ஏலாது."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஓணானை மறுபடியும் பார்த்தாள். "அப்ப சரிங்க, ஓணான் தொர" என்றாள். அந்தப் பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. பிறகு தோட்டமே அதை எடுத்துக்கொண்டது.

அந்தக் கொழும்பு ஆராய்ச்சிக்காரர் மறுபடி ஹட்டனுக்கு வந்து ரெஸ்ட் ஹவுஸில் தங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மாரிமுத்துவுக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் வேலை இருந்தது. பாஸ்போட்டுக்குப் படம் பிடிக்க மகளைக் கூட்டிக்கொண்டு போகிறார். கொம்பு ஓணானைக் காட்டிலேயே விட்டுவிட்டு, நீலப்புள்ளியோடு நானும் கிளம்பினேன். ரயிலில் அவர் என்னிடம் குனிந்து, "மொதல்ல உங்க ஓணானப் பாப்போம் தம்பி. பேரு கெடைச்சிட்டா ஸ்டூடியோவுக்குப் போகாம அப்படியே திரும்பிருவோம்" என்றார். கேலிக்குச் சொன்னாரோ நிஜமாகச் சொன்னாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் டின்னை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

ஹட்டனில் மழை கொட்டியது. பாக்கியம் தன் கம்பளிக்குள் டின்னை வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு சொட்டு படாமல் கொண்டுவந்தாள். (அடிப்பாவி, கொஞ்சம் நனையவிட்டிருந்தால் புள்ளி வழியிலேயே கரைந்து என் மானமாவது தப்பியிருக்கும்!)

கொழும்புக்காரர் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வித்தியாசங்களை ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவர் ஓணானைத் தூக்கி மூக்கைப் பார்த்தார்.

"தம்பி, ஆம்பிளைக்குத்தான் கொம்பு பெரிசு. பொம்பிளைக்குச் சின்னன், சிலதுக்கு இல்லையெண்டே சொல்லலாம். இது பொம்பிளை."

"அப்ப புள்ளிங்க ஐயா?" என்றேன். 

"எங்கை பிடிச்சனீர்?"

"மருந்தடிச்ச மலையிலங்க."

அவர் மேசையிலிருந்த துணியைத் தண்ணீரில் நனைத்தார். ஓணானின் முதுகை ஒரு தரம் தடவினார். என் புது இனம் முழுக்கத் துணிக்கு வந்துவிட்டது. கையில் வெறும் ஓணான் மிஞ்சியது.

"உம்மட கையைக் காட்டும்" என்றார். காட்டினேன். அதே நீலம். "நீர் என்ன வேலை செய்யிறீர்?" என்றார். நான் சொன்னதும் மனிதர் முட்டை புரையேறச் சிரித்தார். ரெஸ்ட் ஹவுஸ் ஆட்கள் வந்து பார்த்துச் சிரித்தார்கள். மாரிமுத்து முதலில் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

பாக்கியமும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு அந்தத் துணியை வாங்கி, அப்பா இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல், என் கையைப் பிடித்துத் தேய்த்தாள். நகத்தோரம் மட்டும் நீலம் போகவில்லை.

"இது அழியல. இதுதாங்க அசல் புது இனம்" என்றாள்.

அவள் என் கையைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு அவர்கள் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். நான் வாசலில் டின்னோடு நின்றேன். அவள் கதவு வழியாக என்னைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தாள். பாஸ்போட்டுக்குப் படம் பிடிக்கிறவர், "அசையாம இரும்மா" என்று திட்டிக்கொண்டே இருந்தார். தோட்டத்துக்குத் திரும்பியதும் ஓணானைக் காட்டோரத்தில் விட்டோம். மழை விட்ட மாதத்தில் அவர்கள் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னார் ரயிலேறிப் போய்விட்டது. வட்டவளை ஸ்டேஷனில் நான் கையாட்டினேன். நகத்தில் நீலம் இருந்தது. போகிறவளிடம் போகாதே என்று சொல்லத் தெரியாமல் ஓணானோடு அலைந்த மடையன் நான். இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

எனக்கும் கல்யாணம் ஆனது. கதையைக் கேட்ட நாளிலிருந்து என் மனைவி விடுவதாக இல்லை. வீட்டுக்கு ரேடியோ வந்தாலும் மருமகள் வந்தாலும், "ஈரத்துணியால தொடச்சுப் பாத்தீங்களா? புது இனமா?" என்பாள். பேரப்பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள்.

போன வருஷம் என் தம்பி திருச்சிப் பக்கம் போய் வந்தான். பாக்கியத்தைப் பார்த்தானாம். தலையெல்லாம் நரைத்துவிட்டதாம். இங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள் அல்லவா, அங்கே அவளுக்கு இன்னும் சிலோன்காரி என்றுதான் பெயராம்.

"வீட்டுல புதுசா ஒரு குத்துவெளக்கு வாங்கியிருந்தாங்கண்ணே" என்றான் தம்பி. "அவங்க மக ஈரத்துணியோட வந்து, 'அம்மா, புது இனமான்னு பாக்கவா'ன்னு கேக்குது. வீடே சிரிக்குது. தெரியாத மாதிரி என்னான்னு கேட்டா, 'அது எங்க வீட்டுக் கத, உங்க அண்ணனுக்குத் தெரியும்'னு சொல்லிட்டாங்க."

என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப இது நம்ம வீட்டுக் கத மட்டும் இல்லையா?" என்றாள். பிறகு எழுந்துபோய், யாரும் கேட்காமலே எனக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.